பொறையுடைமை

எடப்பாடிக்குப் பொருந்துகிற விஷயங்கள் என்று எழுதச் சொன்னால் விசைத்தறியை எழுதலாம், பருத்தியை எழுதலாம், தைப்பூசம் கழிந்து பழனிக்குக் கிளம்புகிற காவடியை எழுதலாம். முன்னாள் முதலமைச்சர் ஒருவரின் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயர் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். லேப்ரடார் நாயை மட்டும் யாரும் எழுத மாட்டார்கள். அந்தப் பொருந்தாத சாமானை நான் ஒன்றுக்கு நாலாக வைத்துக்கொண்டு சீரழிகிறேன்.

அவற்றின் மேல் தப்புச் சொல்ல முடியாது. கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து தீவில், உறைகிற தண்ணீரில் குதித்து, மீனவர்களுக்கு வலையையும் நழுவிய மீனையும் இழுத்து வந்த நாய்களின் வம்சம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் கப்பலேற்றிக் கொண்டுபோய், சுட்டு விழுந்த வாத்தை எடுத்துவரப் பழக்கினார்கள். 1903இல் அங்கே இருக்கிற கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரல்களுக்கு நடுவே சவ்வு, குளிர் இறங்காத இரட்டை ரோமம், நீர்நாய் மாதிரி கெட்டி வால். இத்தனை ஏற்பாடுகளோடு பிறந்த ஜீவனை நான் எடப்பாடியில் கொண்டுவந்து இறக்கியது சித்திரை மாதம், மத்தியானம், கரண்ட் இல்லாத நேரம்.

ஜூலி சுற்றிலும் பார்த்தாள். குடிதண்ணீர்த் தொட்டி திறந்திருந்தது. இறங்கி உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அது அவளுடைய தொட்டி. நாங்கள் கேன் தண்ணீர் வாங்குகிறோம்.

2024இல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கத்துக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. இந்த வெயிலுக்கு ஆகாத ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற இனங்களை இங்கே பெருக்கக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல். பேப்பரில் அந்தச் செய்தியை மனைவி இரண்டு முறை படித்தாள். “ஏனுங்க, இதுல லேப்ரடார் இல்லையே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். நல்லாப் பார்த்தேன். இல்லை.

எதையாவது கவ்விக்கொண்டு வந்து எஜமான் காலடியில் வைப்பது இந்த இனத்தின் ரத்தத்தில் இருக்கிறது. வாத்து சுடுகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லாததால், கண்ணில் பட்டதெல்லாம் வாத்து என்று ஜூலி முடிவு செய்துகொண்டாள். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். முதலில் தார்க்குச்சி வந்தது. அப்புறம் நூல் கோன், வாசலிலிருந்து கூடம் வரைக்கும் நூல் விட்டுக்கொண்டே வந்தது. அதற்கப்புறம் நாடா. பாவுக்கு நடுவில் ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற மர நாடா இல்லாமல் தறி ஓடாது. தறி ஓடாவிட்டால் ஓட்டுகிறவருக்குக் கூலி இல்லை, எனக்குத் துண்டு இல்லை. அவர் நிதானமாக வந்து, “மொதலாளி, உங்க புள்ள நாடாவத் தூக்கிட்டு வந்திருச்சுங்க” என்பார். என் சொந்தப் பிள்ளை மேல் அவர் ஒருநாளும் புகார் சொன்னதில்லை.

கடித்து நாசம் பண்ணவும் மாட்டாள். நாமக்கல் முட்டை ஒன்றை அட்டையிலிருந்து எடுத்து, ஓட்டில் கீறல் விழாமல் என் கையில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பிரபுக்கள் மெச்சியது அந்த வாயைத்தான். அந்த வாய் எங்கள் சோபாவுக்கு மட்டும் வேறு விதமாக வேலை செய்கிறது. ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று கேட்டில் மாட்டிய அட்டையைப் பாதியில் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ‘ஜாக்கிரதை’ என்கிற பாதி அங்கேயே தொங்குகிறது. எங்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது.

பூலாம்பட்டிக்கு ஒரு தடவை கூட்டிப்போனேன். காவிரியில் அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போகும். நம்மூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மீன் வறுவலுக்கும் படகுக்கும் போகிற இடம். தண்ணீரைக் கண்ட ஜூலிக்கு முப்பாட்டன் ஞாபகம் வந்துவிட்டது. பாய்ந்தாள், நீந்தினாள், சற்றுத் தள்ளி இன்னொரு துறையில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் படியில் வைத்திருந்த வேட்டியைக் கவ்விக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். இடுப்பளவுத் தண்ணீரை விட்டு வெளியே வர முடியாத நிலைமையில் அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. “கொண்டுபோய்க் குடு” என்று ஜூலியைக் கெஞ்சினேன். கொண்டுவருவதுதான் அவள் வேலை; கொண்டுபோவது என் வேலையாயிற்று. போனேன். மிச்ச வார்த்தைகளைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

இதே இனத்தில்தான் மும்பை போலீஸின் சஞ்சீரும் பிறந்தான். 1993 குண்டுவெடிப்புகளையொட்டி அவன் மோப்பம் பிடித்துக் கொடுத்த ஆர்.டி.எக்ஸ். மட்டும் 3,329 கிலோ. 2000இல் இறந்தபோது போலீஸார் மலர்வளையம் வைத்து வணங்கினார்கள். ஜூலியின் மூக்கும் அதற்குக் குறைந்ததில்லை என்பது என் கட்சி. மூன்றாவது வீட்டில் கறி எடுத்திருக்கிறார்களா என்று குக்கர் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவாள். எந்த அரசாங்கமும் இதற்கு மலர்வளையம் வைக்காது.

இந்தத் தீராத பசிக்கு ஒரு காரணம் 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய நாலு லேப்ரடாரில் ஒன்றுக்கு, பி.ஓ.எம்.சி. என்கிற மரபணுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறதாம். வயிறு நிறைந்த சங்கதி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்குகிற லேப்ரடார்களில் இந்தக் குறை இன்னும் அதிகமாகத் தென்பட்டதாம். தீனிக்கு அலைகிறது சீக்கிரம் பழகும் என்பது அவர்கள் யூகம். அம்மாவுக்கு இதை விளக்கினேன். “நாயிக்குப் பசிக்குதுன்னு கண்டுபுடிக்க அத்தன தூரம் போகோணுமா கண்ணு? என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்ல” என்று சொல்லிக்கொண்டே இன்னொரு இட்லியைப் போட்டார்.

அந்தப் பசி உச்சத்துக்குப் போனது ஒரு தைப்பூசம் கழிந்த பிறகு. எடப்பாடிக் காவடி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழனி மலைமேல் ராத்தங்க இந்த ஊர்ப் பக்தர்களுக்கு மட்டும் தலைமுறை தலைமுறையாக உரிமை உண்டு. டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைவார்கள். கூட்டம் ஊர் திரும்பியதும் வீட்டுக்கு வீடு பிரசாதம் போகும். எங்கள் மாமா பெரிய டப்பா ஒன்றைப் பக்தியோடு சாமி மாடத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனார். அவர் துண்டில் முகம் துடைத்துக்கொண்டு திரும்பும்போது டப்பா ஜூலியின் தலையில் இருந்தது. தலையை எடுக்க முடியாமல் டப்பாவோடு கூடம் முழுக்க இடித்துக்கொண்டு நடந்தாள். உள்ளேயிருந்து நக்குகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மாமா திகைத்துப் போய்விட்டார். “மாப்ள, முருகன் பிரசாதம்…” அதற்கு மேல் பேச்சு வரவில்லை. எனக்கோ உலர் திராட்சைக் கவலை. நாய்க்குத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். பேரீச்சையும் கற்கண்டும் அவ்வளவு மோசமில்லை. டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டே டப்பாவில் ஒட்டியிருந்ததைத் துழாவினேன். திராட்சை இல்லை. அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். “பைரவர் வாகனந்தான சாப்புட்டுச்சு, வுடுங்க. முருகனுக்கு அவர் ஒண்ணும் அன்னியமில்ல.” மாமா சமாதானமாகிவிட்டார். ஜூலியின் வயிறு சமாதானமாக மறுநாள் சாயங்காலம் ஆனது. அந்த விவரத்தைத் தவிர்த்துவிடுகிறேன்.

பழக்காமல் விட்டால் ஊரைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தேன். வீட்டில் எல்லாரும் ஒரே கட்டளையைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. எங்கள் வீட்டில் டிவி சத்தத்துக்கே ஒரே கட்டளை கிடையாது. நான் ‘சிட்’ என்றேன். மகன் ‘டவுன்’ என்றான். மனைவி “ஒழுங்கா ஒரு எடத்துல கெட” என்றாள். அம்மா “வந்து சாப்புடு சாமி” என்றார். ஜூலி நாலையும் கேட்டு அம்மாவிடம் போனாள்.

அடிக்கக் கூடாது, செய்ததற்குத் தீனி கொடுத்துப் பழக்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். வெளிநாட்டு பிஸ்கட் விலையைக் கேட்டுவிட்டு நான் டீக்கடையில் பொறை வாங்கினேன். நாலாக உடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வாரத்தில் சிட், ஸ்டே, கம் எல்லாம் வந்துவிட்டது. ‘விடு’தான் முக்கியம், வாயில் இருப்பதைக் கொடுத்தால் அதைவிட நல்லது கிடைக்கும் என்று நாய்க்குப் புரிய வேண்டும். ஜூலிக்கு அது நாங்கள் நினைத்ததைவிட ஆழமாகப் புரிந்தது. அதுவரை ஆசைக்கு நாடா தூக்கினவள், அதன் பிறகு தொழிலுக்குத் தூக்க ஆரம்பித்தாள். கூடத்துக்குப் போவாள், ஒரு நாடாவோடு வருவாள், என் முன்னால் ‘சிட்’ போட்டு உட்காருவாள். பொறையைக் கொடுத்தால் நாடாவை விடுவாள். விட்ட கையோடு அடுத்த நாடாவுக்குப் போவாள். நாடா ஒன்றுக்குப் பொறை ஒன்று என்று ரேட் நின்றுவிட்டது. கூடத்தில் கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை நடந்த சமயம் அது. ஓட்டுகிறவர் ஜூலியைக் காட்டி, “அதுக்கு மட்டும் உடனே செட்டில் பண்ணிடறீங்களேங்க” என்றார். பயிற்சியாளர் போகும்போது, “ஜூலி பாஸுங்க. நீங்க மட்டும் இன்னொரு மாசம் வரோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனியாக இருப்பதால்தான் இந்தச் சேட்டை, துணைக்கு ஒன்று வாங்குங்கள் என்று யாரோ சொன்னார்கள். ராக்கி வந்தான். கறுப்பு. ரேட் இரண்டு பொறை ஆனது.

நூல் விலை ஏறி, துணி தேங்கி, இரண்டு தறிகளை நிறுத்தியிருந்த நேரத்தில்தான் எனக்குக் கணக்குப் புத்தி வேலை செய்தது. ஜூலிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. குட்டி போட்டால் எட்டோ ஒன்பதோ போடும். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் கே.சி.ஐ. சர்டிபிகேட் உள்ள குட்டிக்கு நல்ல விலை. தறி போட்ட முதலையே எடுத்துவிடலாம் என்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். சேலத்தில் பேப்பரோடு கூடிய ஆண் நாய் ஒன்றைப் பிடித்தேன். ஜூலியைப் போலவே மஞ்சள் நிறம், பரிசு வாங்கிய உடம்பு. சொந்தக்காரருக்குக் கட்டணமும் கொடுக்க வேண்டும், பிறக்கிறதில் ஒரு குட்டியை அவரே பொறுக்கிக்கொள்வார். ஹீட் வந்து பத்துப் பன்னிரண்டாம் நாள் சரியாக இருக்கும் என்றார் டாக்டர். அது சனிக்கிழமையில் விழுந்தது. சனிக்கிழமை கொங்கணாபுரத்தில் ஆட்டுச் சந்தை என்பது எனக்கு நினைவில்லை. ஆடுகளுக்கு நடுவே கார் நின்றது. மணப்பெண் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டு அத்தனை ஆட்டுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தாள். முகூர்த்தம் எப்படியோ தவறவில்லை.

வீடு திரும்பியதும் ஜூலியைத் தனியாகக் கட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெருநாய்க்குப் பயந்து கேட்டைப் பூட்டினேன். ராக்கி கேட்டுக்கு உள்ளேதான் இருந்தான். ஒன்பது மாதக் குழந்தை, இன்னும் வாலைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறவன், அவனைப் பற்றி யாருக்கு என்ன நினைப்பு வரும்?

நாய்க்குக் கர்ப்பம் சுமார் அறுபத்து மூன்று நாள். பிரசவம் நெருங்கினால் உடம்புச் சூடு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும் என்பதால் தெர்மாமீட்டரும் கையுமாகத் திரிந்தேன். அம்மா உரலடியில் சாக்கு விரித்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் தெர்மாமீட்டருக்கு பேட்டரி வாங்கப் போன நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒன்பது. ஐந்து மஞ்சள், மூன்று கறுப்பு, ஒன்று சாக்லேட். மூன்று நிறத்தில் குட்டி கிடைத்த பெருமையில் டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். அவர் நேரிலேயே வந்தார்.

“அப்பன் என்ன கலருங்க?”

“மஞ்சளுங்க. பரிசு வாங்குனதுங்க.”

“மஞ்ச லேபும் மஞ்ச லேபும் சேந்தா மஞ்சளத் தவிர வேற பொறக்காதுங்களே.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். ராக்கி மாமாவின் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஈற்றில் இரண்டு அப்பன்மார் இருப்பது நாய்களில் சகஜமாம். கறுப்பும் சாக்லேட்டும் ராக்கியுடையவை. மஞ்சள்கள் யாருடையவை என்று டி.என்.ஏ. பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. சர்டிபிகேட் கனவு அங்கேயே படுத்தது. சேலத்துக்காரர் தன் பங்குக்கு வந்தார். ஒன்பதையும் தூக்கிப் பார்த்து, பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, “எங்க பையன் ஜாடை அப்படியே இருக்குதுங்க” என்று சாக்லேட்டை எடுத்துக்கொண்டு போனார்.

விற்கலாம் என்றால் நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகள் குறுக்கே நின்றன. குட்டி பெருக்கி விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய்க்கு வருடத்தில் ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. சட்டம் நியாயமானது. எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் அதில் குறை. எட்டு வாரம் எட்டுக் குட்டிகளும் கேழ்வரகுக் கஞ்சியும் பூச்சி மருந்தும் பார்வோ ஊசியுமாக வளர்ந்தன. காலண்டர் தாளில் செலவுப் பக்கம் நிறைந்து, மேலே முருகன் படத்தின் ஓரம் வரைக்கும் போயிற்று. பிறகு மாமன் வீட்டுக்கு ஒன்று, சங்ககிரிச் சகலைக்கு ஒன்று, லாரிக்காரருக்கு ஒன்று என்று சும்மா கொடுத்தேன். கூட ஒரு கிலோ தீனியும் கொடுத்தால்தான் சிலர் வாங்கிக்கொண்டார்கள். ராக்கிக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அதற்காக அவன் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. மயக்கம் தெளிந்ததும் பொறைதான் கேட்டான்.

கறுப்பில் இரண்டு இன்னும் வீட்டில் நிற்கின்றன. வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்று, அட்டை கையில் இருக்கிறது, காசு வேண்டாம். நல்ல வீடாக இருந்து தொட்டியும் பெரிதாக இருந்தால் எடப்பாடிக்கு வாருங்கள். வரும்போது செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு வரவும். தயவுசெய்து தறி வைத்திருக்கிறவர்கள் வர வேண்டாம். அவை நாடாவுக்கு ரேட் தெரிந்த குட்டிகள்.