டீ கொட்டிய ஊரிலிருந்து

பாஸ்டன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் என் முழங்கால் இரண்டும் நலமில்லை. காரணம் மாமா.

போன மாதம் ஃபோனில், "பதினோரு வருஷமா பாஸ்டன்ல இருக்கியே, டீயைக் கடல்ல கொட்டின இடத்தைப் பார்த்தியா?" என்று கேட்டார். ரிட்டயர் ஆகும்வரை சரித்திர வாத்தியாராக இருந்தவரிடம் "இல்லை" என்று சொல்ல நாக்கு வரவில்லை. "பார்த்தேனே மாமா, நல்லா இருந்துச்சு" என்று விட்டேன். "என்ன நல்லா இருந்துச்சு?" என்றார். அப்போது குக்கர் விசில் அடிக்கிறது என்று நீ ஃபோனைப் பிடுங்கினாயே, அந்தப் புண்ணியத்தில் தப்பித்தேன். சொன்ன பொய்யை உண்மையாக்கத்தான் இந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் சுற்றினோம்.

இந்த ஊரில் சரித்திரம் பார்ப்பதற்கு மூளை வேண்டாம், குனிந்த தலை போதும். 1951இல் ஒரு பத்திரிகைக்காரருக்குத் தோன்றிய யோசனை: பழைய இடங்களையெல்லாம் ஒரே நடைபாதையாகக் கோத்துவிடுவது. இன்று நடைபாதையில் செங்கல் பதித்தோ சிவப்பு பெயின்ட் அடித்தோ ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நடந்தால் நாலு கிலோமீட்டரில் பதினாறு இடம். கோடு போன வழியே எல்லோரும் எறும்பு மாதிரி போகிறோம். தலை நிமிர்ந்தால் கோடு தவறிவிடும். நிமிராவிட்டால் கட்டடம் தவறிவிடும். உன் தம்பி பெண்டாட்டி கோட்டைப் பார்த்துக்கொள்வது, நான் கட்டடத்தைப் பார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். உன் மருமகளுக்குப் பதினாறு வயது, அவள் ஃபோனைப் பார்த்தாள்.

ஆரம்பம் பாஸ்டன் காமன் என்ற மைதானம். 1634இலிருந்து ஊர்ப்பொது. 1830 வரை இங்கே மாடு மேய்ந்திருக்கிறது, பிறகுதான் தடை போட்டார்களாம். நம் திருவல்லிக்கேணி மாடுகளிடம் இதைச் சொல்லிவிடாதே.

மேட்டின்மேல் தங்கக் கூரையோடு மாநிலச் சட்டசபை. உள்ளே, சபையில், மரத்தில் செய்த காட் மீன் ஒன்று 1784இலிருந்து தொங்குகிறது. இந்த ஊர் மீன் விற்றுப் பணக்கார ஊரானதால் அந்த மரியாதை. 1933இல் ஹார்வர்டு மாணவர்கள் அதைத் திருடிக்கொண்டு போக, மீன் திரும்பி வரும்வரை ஊரே கொந்தளித்ததாம். சனிக்கிழமை நடை சாத்தியிருந்தது. கோபுர தரிசனத்தோடு நகர்ந்தோம்.

அடுத்தது இடுகாடு. முகத்தைச் சுளிக்காதே, இங்கே டூரிஸ்ட் கூட்டம் அதிகம் நிற்பதே அங்கேதான். கிரானரி இடுகாடு, 1660ஆம் வருஷத்தது. கல்லெல்லாம் ஸ்லேட்டுப் பலகை மாதிரி மெலிசு; ஒவ்வொன்றின் தலையிலும் சிறகு முளைத்த மண்டை ஓடு செதுக்கியிருக்கிறது. ஒரு கல்லில் அந்த மண்டை ஓடு பல்லைக் காட்டிச் சிரிக்கிறது, நம் பக்கத்து வீட்டு பென்ஷன் தாத்தா மாதிரியே. வரிசை ரொம்ப நேராக இருக்கிறதே என்று வியந்தேன். பிற்காலத்தில் புல் வெட்டும் மெஷின் போக வசதியாக, அழகுக்காகவும், கற்களை நகர்த்தி அடுக்கிவிட்டார்களாம். ஆள் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். சாமுவேல் ஆடம்ஸ் என்ற புரட்சிக்காரரும் இங்கேதான் இருக்கிறார். இன்று கடைகளில் அவர் பெயரில் பீர் விற்கிறது. தியாகிக்கு இங்கே செய்யும் மரியாதை அப்படி.

இப்போது என் மானம் போன கதை. தினமும் ஆபீசுக்கு நான் சுரங்க ரயிலிலிருந்து ஏறி வரும் வாசல் ஒன்று உண்டு. பழைய செங்கல் கட்டடத்தின் அடியில் இருக்கும். ஏதோ ரயில்வே கட்டடம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். சிவப்புக் கோடு நேராக அதன் எதிரில் போய் நின்றது. 1713இல் கட்டிய பழைய அரசு மாளிகை! 1776 ஜூலை 18 அன்று சுதந்திரப் பிரகடனத்தை ஊருக்கு வாசித்துக் காட்டியது இதன் பால்கனியில்தான். அன்று ராத்திரியே கூரைமேல் இருந்த ராஜாங்க சிங்கத்தையும் ஒற்றைக் கொம்புக் குதிரையையும் இறக்கிக் கொளுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது பிற்காலத்தில் செய்து வைத்த ஜோடி. அதற்கடியில் நான் தினம் காலை எட்டரைக்கு இட்லி டப்பாவோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிரில் தரையில் வட்டமாகக் கல் பதித்திருக்கிறது. சிக்னலுக்காக அதன்மேல் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். 1770 மார்ச் 5 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்டு ஐந்து பேர் செத்ததன் நினைவு அது. சண்டை எதில் ஆரம்பித்தது தெரியுமா? டோப்பா செய்கிறவரிடம் வேலை பழகிய பையன் ஒருவன், "இந்த ஆபீசர் கடன் பாக்கி வச்சிருக்கார்" என்று தெருவில் கத்தினான். காவலுக்கு நின்ற சிப்பாய் அவனை அடித்தான். கூட்டம் சேர்ந்தது, பனிக்கட்டி பறந்தது, துப்பாக்கி வெடித்தது. சுட்ட சிப்பாய்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னால் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனவர். எட்டு சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. ஊரே எதிர்த்து நிற்கும்போது எதிராளிக்காகப் போய் நின்ற மனுஷன். அந்த இரண்டு நாளில் நான் கும்பிட நினைத்த ஒரே ஆள் இவர்தான்.

இனி மாமாவின் டீ. மூன்று கொம்புத் தொப்பி, முழங்கால்வரை கால்சட்டை என்று வேஷம் கட்டிய ஒரு கைடு விளக்கினார். 1773 டிசம்பர் 16, ஓல்டு சவுத் கூடத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். அன்றிரவு மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைத் துறைமுகத்தில் கொட்டினார்கள். ஏறக்குறைய நாற்பத்திரண்டு டன். விலை ஏறியதால் கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம்! வரியையும் சேர்த்தாலும் கம்பெனி டீ, கள்ளக்கடத்தல் டீயைவிட மலிவாகத்தான் வந்திருக்கும். "எங்களைக் கேட்காமல் நீ யார் வரி போட" என்பதும், கடத்தல் வியாபாரிகளின் பிழைப்பு போகிறதே என்பதும் சேர்ந்த கோபம். நீயாக இருந்தால் மலிவு என்றதும் ரெண்டு கிலோ வாங்கி டின்னில் போட்டிருப்பாய், அமெரிக்கா இன்னும் பிரிட்டிஷ்காரன் கையில் இருந்திருக்கும்.

கம்பெனி என்றது கிழக்கிந்தியக் கம்பெனியேதான். நம் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே ஆசாமிகள். அந்தக் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் 1649இல் பிறந்தது இந்த பாஸ்டனில் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நேற்றுதான் தெரியும்.

டீ கொட்டிய கரையை இப்போது மண் போட்டு மேடாக்கிவிட்டார்கள். பக்கத்தில் அதே மாதிரி கப்பல் கட்டி மியூசியம் வைத்திருக்கிறார்கள். நாமும் பெட்டியைத் தூக்கிக் கடலில் எறியலாம். பெட்டியில் கயிறு கட்டியிருக்கிறது, எறிந்ததும் இழுத்து அடுத்தவரிடம் கொடுக்கிறார்கள். அதுவரை ஃபோனை விட்டுக் கண்ணெடுக்காத உன் மருமகள் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, மூன்று தடவை எறிந்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஆல்ஜிப்ரா வாத்தியாரை நினைத்துக்கொண்டாளாம்.

இன்று மீதிப் பாதி. பால் ரெவியர் என்ற வெள்ளித் தட்டான் வீடு, 1680 வாக்கில் கட்டியது. 1775இல் குதிரையில் போய், பட்டாளம் வருகிறது என்று ஊர் ஊராகச் சொன்னவர். பாதி வழியில் பிடித்துவிட்டார்கள் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. லாங்ஃபெல்லோ ஒரு கவிதை எழுதினார், அதில் பெயர் நின்றுவிட்டது. இரண்டு மனைவி, பதினாறு பிள்ளைகள். வீட்டைச் சுற்றிப் பார்த்த உன் தம்பி பெண்டாட்டி, "குதிரையை எடுத்துக்கிட்டு ராத்திரியில கிளம்பினதுல ஆச்சரியமே இல்ல" என்றாள்.

அந்தப் பேட்டையில் கோட்டில் சேராத இடம் ஒன்றும் பார்த்தேன். சின்னத் தகடு, அவ்வளவுதான். 1919 ஜனவரி 15 அன்று எண்பது லட்சம் லிட்டருக்கு மேல் மொலாசஸ், அதாவது சர்க்கரை காய்ச்சி மிஞ்சும் கறுப்புப் பாகு, இருந்த இரும்புத் தொட்டி வெடித்துத் தெருவில் அலையாக வந்து 21 பேரைக் கொன்றது. பாகு மெதுவாகத்தானே வழியும் என்று நாம் நினைப்போம். அன்று பலரால் ஓடித் தப்ப முடியவில்லை. கேட்டபின் கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை.

கடைசியில் பங்கர் ஹில் ஸ்தூபி. 294 படி, லிஃப்ட் கிடையாது. 1775 ஜூனில் அந்தச் சண்டை பெரும்பாலும் நடந்தது பக்கத்திலிருக்கும் பிரீட்ஸ் ஹில்லில். ஸ்தூபி நிற்பதும் பிரீட்ஸ் ஹில்லில். பெயர் மட்டும் பங்கர் ஹில். ஜெயித்ததும் இவர்கள் இல்லை, பிரிட்டிஷ்காரர்கள். ஆக, தோற்ற சண்டைக்கு, வேறு குன்றின் பெயரில், இவ்வளவு படி. இருநூறாவது படியில் எனக்கு இதெல்லாம் ரொம்பக் கசப்பாகத் தோன்றியது.

இறங்கியதும் ஒரு கடையில் "டீ" என்றேன். கண்ணாடி டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, நடுவில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர் கொடுத்தார்கள். சூடாக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம். "ஐஸ்மேல இந்த ஊருக்கு அப்படி என்ன மோகம்?" என்று புலம்பினேன். அதற்கு உன் மருமகள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதமே எழுத உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடத்தில் தோரோ எழுதிய 'வால்டன்' புத்தகம் பாடமாம். "அப்பா, அதுல மெட்ராஸ் வருது" என்றாள். 1846-47 குளிர்காலத்தில் உறைந்த வால்டன் ஏரியை ஐஸுக்காக நூறு ஆட்கள் பாளம் பாளமாக அறுத்திருக்கிறார்கள். பாஸ்டனில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு ஐஸ் வியாபாரி இருந்தார். மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி, 1833இல் கல்கத்தாவுக்கு நாலு மாதப் பயணமாக ஐஸ் அனுப்பினார். கரைந்தது போக, போய்ச் சேர்ந்ததே நூறு டன். பிறகு மெட்ராசுக்கும் அனுப்பினார். அதை இறக்கி வைக்கத்தான், அக்கா, 1842இல் கடற்கரையில் அந்த உருண்டைக் கட்டடம். நம் ஐஸ் ஹவுஸ்! விவேகானந்தர் வந்து தங்கியதெல்லாம் அதற்கு வெகுநாள் பின்னால்.

ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பில் பதினெட்டு வருஷம் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டேனா? இன்னும் கேள். டியூடர் ஐஸ் வெட்டிய ஏரிகளில் ஒன்று ஃபிரெஷ் பாண்டு. டாக்டர் சொன்னார் என்று தினம் காலை நான் சுற்றி நடப்பது அந்த ஏரியைத்தான்.

மாமாவிடம் நான் சொன்ன பொய்யை நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. அப்படியே இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் ஐஸ் ஹவுஸுக்குள் போய்ச் சுவர் எவ்வளவு கனம் என்று பார்த்து எழுதுங்கள். நானும் இதுவரை உள்ளே போனதில்லை, நீங்களும் போயிருக்க மாட்டீர்கள்.

ஜனவரியில் நம் ஊர்க்காரர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் நம் தெருமுனைக் கடை டீத்தூள் அரைக் கிலோ கொடுத்தனுப்பு. முழங்காலுக்குத் தைலமும்.

அன்புடன்,
தம்பி