கடைசி பெஞ்ச்

பி.எட். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிகளில் வகுப்பெடுக்கும்போது பின்னால் உட்கார்ந்து படிவம் நிரப்புவது. 2015-இல் பி.எட். இரண்டு வருஷமானதிலிருந்து, பள்ளிப் பயிற்சி வாரங்களோடு எங்கள் பெஞ்ச் வாசமும் நீண்டுவிட்டது. பன்னிரண்டு வயதுக்காரனுக்குச் செய்த பெஞ்சுக்குள் ஐம்பது வயது முழங்காலைச் செருகுவது யோகாசனத்தில் சேர்த்தி.

படிவத்தில் ‘மாணவர் ஈடுபாடு’ என்று ஒரு கட்டம். ஐந்துக்கு மார்க் போட வேண்டும். ஈடுபாட்டுக்கு எந்த வகுப்பிலும் பஞ்சமில்லை. எதில் என்பதைத்தான் படிவம் கேட்பதில்லை.

அன்று நெம்புகோல் பாடம். பயிற்சி ஆசிரியை கரும்பலகையில் அழகாகப் படம் போட்டு, ஆதாரப்புள்ளி, பளு என்று வண்ணச் சாக்பீஸில் குறித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் ரப்பர் மேல் ஸ்கேலை வைத்தான். ஒரு முனையில் சாக்பீஸ் துணுக்கு, மறுமுனையில் சுண்டுவதற்குத் தயாராக விரல். முதல் துணுக்கு முன் பெஞ்சைத் தாண்டவில்லை. யோசித்தான். ரப்பரை விரல் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினான். அடுத்தது மூன்றாவது பெஞ்சில் ஒருத்தனின் கிராப்பில் போய் இறங்கியது. ஆராய்ச்சி நிலையமாக இருந்தால் இந்நேரம் கட்டுரை வெளியிட்டிருப்பார்கள்.

“ஆதாரப்புள்ளியை நகர்த்தினா என்ன ஆகும்? நீ சொல்லு!”

எழுந்து நின்றான். ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டு, “தெரியாது மிஸ்.”

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்!” இவன் குரல்தான் பலமாகக் கேட்டது.

பிறகு சந்தேகம் கேட்கும் நேரம். பத்துக் கைகள் உயர்ந்தன. தலைப்பு சிவப்பு மையிலா? மார்ஜின் இரண்டு பக்கமுமா? படத்தை இந்தப் பக்கமே போடலாமா, அடுத்த பக்கமா? நெம்புகோல் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆசிரியை சார்ட் எடுத்துவர ஓய்வறைக்குப் போனார். உடனே கிளாஸ் லீடர் எழுந்து கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று எழுதிக் கோடு போட்டாள். எனக்கோ அந்த மூன்றாவது பெஞ்ச் உறுத்திக்கொண்டே இருந்தது. பக்கத்துக்காரன் பக்கம் குனிந்து, “ரப்பரை இன்னும் ஒரு விரல்கடை தள்ளு, பார்ப்போம்” என்றேன்.

நிமிர்ந்தபோது பட்டியலில் ஒரே வரிதான் இருந்தது: ‘கடைசி பெஞ்ச் சார் – மிக மிக அதிகம்.’