கஜானா காலி, யாருக்கு?

2025இல் கேரள அரசிடம் பணம் இல்லை. நம்புங்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியம் வாங்கிய ஆஷா சுகாதாரப் பணியாளர் வாய் திறந்தபோதெல்லாம் கஜானா காலியாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டு எல்லையோரத்துக் காரக்கோணத்திலும் பாறசாலையிலும் ஆஷாவைத் தெரியாத வீடு கிடையாது. கர்ப்பிணிகளின் பட்டியல், குழந்தையின் தடுப்பூசி, படுக்கையில் கிடக்கும் கிழவரின் மாத்திரை, கொசு முட்டையிடும் சிரட்டை, எல்லாம் அவர் தலையில். கோவிட் காலத்தில் சொந்தக்காரன் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு மருந்தோடு போனவர் அவர். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இந்திய ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. டெல்லி கைதட்டியது. கைதட்ட நிதி ஒதுக்க வேண்டியதில்லை பாருங்கள்.

அதே கோவிட் காலத்தில், 550 ரூபாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு உடையை 1,550 கொடுத்தும் வாங்கியது இதே அரசு என்கிறது தணிக்கை அறிக்கை. அன்று கஜானா நிறைந்திருந்தது போலும்.

2025 பிப்ரவரி 10இல் ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்தார்கள். கேட்டது மதிப்பூதியம் 21,000, ஓய்வுபெறும்போது 5 லட்சம். அடேயப்பா, என்ன பேராசை! 7,000ஐ முப்பதால் வகுத்தால் நாளுக்கு 233 ரூபாய். கேரளத்தில் அந்தக் கூலிக்குத் தேங்காய் பறிக்க ஆள் வருவாரா?

ஒன்பதே நாளில் அமைச்சரவை கூடி ஊதியத்தை உயர்த்தியது. அவசரப்படாதீர்கள். உயர்ந்தது அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவர், உறுப்பினர்களின் ஊதியம். தலைவருக்கு மாதம் சுமார் மூன்றரை லட்சம். பாவம், அவர் வீட்டு அடுப்பும் எரிய வேண்டாமா?

மார்ச் தொடக்கத்தில் மழை. போராட்டப் பந்தலில் கட்டியிருந்த தார்ப்பாயைப் போலீஸ் அவிழ்த்தது. உடனே ஒன்றிய அமைச்சர் சுரேஷ் கோபி ஓடி வந்து குடையும் மழைக்கோட்டும் கொடுத்தார். ஆஷாவை இன்றுவரை 'தன்னார்வலர்' என்று எழுதி வைத்திருப்பது அவருடைய அரசுதான். தொழிலாளி என்று எழுதினால் குறைந்தபட்சக் கூலி கொடுக்க வேண்டி வருமே! ஆஷாக்களுக்கான பணத்தை டெல்லி பாக்கி வைத்திருக்கிறது என்றது மாநிலம். எல்லாம் கொடுத்தாயிற்று என்றது டெல்லி. போராட்டத்தின் ஐம்பதாம் நாள் அந்தப் பெண்கள் நடுத்தெருவில் தங்கள் தலைமுடியை வெட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று தமிழ்நாடு சிரிக்க வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு வீடாக நடக்கும் பெண்களுக்கு அங்கேயும் தன்னார்வலர் என்றுதான் பெயர்.

சரி, இப்படி வயிற்றில் அடித்து மிச்சம் பிடித்த காசு மருத்துவமனைக்காவது போனதா? காரக்கோணத்து ஏழை நோயாளி முதலில் நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைக்குப் போவான். அங்கே முடியாவிட்டால் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. 2025 ஜூன் இறுதியில் அந்தக் கல்லூரியின் சிறுநீரியல் (யூராலஜி) துறைத் தலைவர் ஹாரிஸ் சிறைக்கல் ஊரறியச் சொன்னார்: கருவி இல்லை, அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. சிஸ்டத்தின் பிரச்சினை என்றார் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ். அந்த சிஸ்டம் எந்த ஊர்க்காரரோ! ஒரு மாதத்தில் நோட்டீஸ் போனது, டாக்டருக்கு. சிஸ்டத்தின் விலாசம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நடுவில் ஜூலை 3 அன்று கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் பழைய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பயன்படுத்தாத கட்டடம் என்று அமைச்சர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது இடிபாட்டுக்குள் ஒரு பெண் கிடந்தார். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. இரண்டு நாள் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் சிகிச்சைக்காக அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். நல்ல மருத்துவம் தேடுவது அவர் உரிமை. காரக்கோணத்துக்காரனுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் அவன் பஸ் திருவனந்தபுரத்தோடு நின்றுவிடுகிறது.

அக்டோபர் கடைசியில் அரசு மனமிரங்கியது. மதிப்பூதியத்தில் 1,000 ரூபாய் கூட்டியது. நவம்பர் 1, 265ஆம் நாள், ஆஷாக்கள் பந்தலைப் பிரித்தார்கள். அத்தனை நாள் தெருவில் கிடந்ததற்குக் கிடைத்தது நாளுக்கு 33 ரூபாய். தேர்வாணையத் தலைவர் ஒரு நாள்கூடத் தெருவில் உட்காரவில்லை.