எடை கூட்ட அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: பச்சைக் கூடை, நீலக் கூடை இரண்டையும் சொந்தக் காசில் வாங்கிய வரிதாரர்.
பெறுநர்: ஆணையர் அவர்கள், எங்கள் ஊர் நகராட்சி.
பொருள்: வீட்டுக் குப்பையின் எடையை உயர்த்த அனுமதி கோருதல் – தொடர்பாக.
பார்வை: திடக்கழிவு மேலாண்மை விதிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பார்வையில் கண்ட விதிகள் சொன்னபடி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தந்துவருகிறோம். பால் பாக்கெட்டைக்கூடக் கழுவிக் காயவைத்துத்தான் நீலக் கூடையில் போடுகிறோம். காலையில் பேட்டரி வண்டி வருகிறது. அதில் ஒலிக்கும் பாட்டு பிரித்துப் போடச் சொல்கிறது. வண்டி சேர்த்து வாங்கிக்கொள்கிறது. நேற்றைய சாம்பாரும் காய்ந்த அட்டைப்பெட்டியும் எங்கள் கண்ணெதிரே ஒரே தொட்டியில் சங்கமம்.

ஒப்பந்த நிபந்தனையைப் படித்தால் காரணம் விளங்கிவிடும். ஒப்பந்ததாரருக்குக் கூலி டன் கணக்கில். எடைமேடையில் லாரி ஏறினால் பேசுவது ஈரம்தான். காலி தண்ணீர் பாட்டில் ஒரு மூட்டை இருந்தாலும் முள் அசையாது. நனைந்த வாழையிலைக் கட்டு ஒன்று போதும். மறுசுழற்சிக்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் அவர் பில்லில் துண்டு விழும் கிலோ. அவரிடமே தரம் பிரிக்கும் வேலையையும் ஒப்படைத்தது, மதுவிலக்குப் பிரசாரத்தைச் சாராயக் கடைக்காரருக்கு ஏலம் விட்ட மாதிரி.

எடைக்குக் காசு என்பது பழைய மரபு. 2000-ல் சென்னையில் ஓனிக்ஸ் நிறுவனம் குப்பை அள்ள வந்தபோதும் அந்தக் கணக்குதான். அதே சென்னை 2020-ல் ஏழு மண்டலங்களைத் தனியாரிடம் கொடுத்தபோது, வேலை நடக்கும் லட்சணத்தை அளந்து பணம் தரும் முறைக்கு மாறிவிட்டது. தாங்கள் மட்டும் பாரம்பரியத்தைக் கட்டிக் காக்கிறீர்கள். ஊருக்கே பெருமை.

ஒரே ஒரு புகார் உண்டு. தூய்மைப் பணியாளர் அக்கா, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கையுறை இல்லாத கையால் துழாவி, பாட்டிலை ஒன்றிலும் அட்டையை மற்றொன்றிலும் போடுகிறார். காயலான் கடையில் விற்று டீச்செலவுக்கு வைத்துக்கொள்கிறார். ஊரில் நடக்கும் ஒரே மறுசுழற்சி இதுதான். இதற்கு டெண்டர் இல்லை, முன்வைப்புத் தொகை இல்லை, பணி ஆணையும் இல்லை. சூப்பர்வைசர் பார்த்தால் திட்டுகிறார். நியாயம்தானே, எடையைத் திருடுகிறாரல்லவா! பழைய பேப்பர்காரர் இன்னும் மோசம். குப்பையை எடுத்துப் போவதற்கு நமக்கே காசு கொடுக்கிறார்.

குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களைத் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளும்படி 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளே உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்தன. புனேயில் அவர்களே நடத்தும் 'ஸ்வச்' கூட்டுறவு, 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை வாங்குகிறது. பிரித்து விற்ற காசும் அவர்களுக்கே. அந்த விபரீதம் நம் ஊரை அண்டாமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனவே, கீழ்க்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்:

1. நீலக் கூடையில் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் தர அனுமதி.
2. வீடு இடித்த செங்கல்லுக்கும் 'மக்காத குப்பை' அந்தஸ்து.
3. வண்டிப் பாட்டில் 'பிரித்து' என்று வரும் இடமெல்லாம் 'சேர்த்து' என்று திருத்தம்.
4. கிடங்குக்குப் போகாமல் மறுசுழற்சிக்குத் திருப்பிவிட்ட ஒவ்வொரு டன்னுக்கும்தான் இனிப் பணம் என்று எந்த அதிகாரியாவது அடுத்த டெண்டருக்குக் குறிப்பு எழுதினால், அந்தக் கோப்பை உடனடியாகக் காயலான் கடையில் போட உத்தரவு. அங்கே தாளுக்காவது விலை கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எடை குறைந்த குடிமகன்.

நகல்: ஒப்பந்ததாரர் (எடை போட்டுப் பெற்றுக்கொள்ளவும்).