கையெழுத்து போட்டாச்சா சார்?

வகுப்பு சூடுபிடிக்கிற நேரம் பார்த்துத்தான் சர்க்குலர் வரும். அணியிலக்கணத்துக்கு இரண்டு பேர் உண்மையாகவே தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள். வாசலில் அலுவலக உதவியாளர் வந்து நிற்பார். கையில் நீளமான பதிவேடு, அதில் நூல் கட்டித் தொங்கும் பேனா. "பசங்களுக்குப் படிச்சுக் காட்டணுமா?" என்று கேட்டால், "அது உங்க இஷ்டம் சார். கையெழுத்தை மட்டும் போட்டுக் குடுங்க" என்பார். கல்லூரி நிர்வாகத்தின் சாரத்தை எந்த முதல்வரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் நான் தமிழ் வாத்தியார். கல்லூரியின் பெயர் வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்பார்கள், விளக்கத்துக்கு ஒரு ந.க.எண் போடுவார்கள், அந்த எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு சர்க்குலர் வரும்.

முதல்வர் அறையில் புறப்படும் பதிவேடு, கிரிவலத்தில் அஷ்டலிங்கங்களையும் கும்பிட்டுப் போகும் பக்தரைப் போல ஒவ்வொரு துறையாக நின்று நின்றுதான் போகும். தேர்வுப் பிரிவு எமலிங்கம். கணக்குப் பிரிவு குபேரலிங்கம். அங்கே எப்போதும் கூட்டம். வேதியியல் துறை வாயுலிங்கம் என்பதை மூக்குள்ள எவரும் ஒப்புக்கொள்வார்கள். என்ன, மலையைச் சுற்ற 14 கிலோமீட்டர். சாதாரண நடையில் நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் கட்டடத்தைச் சுற்றப் பதிவேட்டுக்கு மூன்று நாள் வேண்டும். "நாளை காலை 10 மணிக்குக் கூட்டம்" என்ற அறிவிப்பு தமிழ்த் துறைக்கு வந்து சேரும்போது, கூட்டத்தில் கொடுத்த சமோசா மற்ற துறையினருக்குச் செரித்தே போயிருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போடுவோம், கீழே தேதி எழுதாமல்.

இப்போது வாட்ஸ்அப்பிலும் சர்க்குலர் வருகிறது. கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் அரசு நடைமுறை அறியாதவர். வாட்ஸ்அப்பில் வந்ததை அச்செடுத்து, பதிவேட்டில் ஒட்டி, அதைச் சுற்றுக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குவார்கள்.

சர்க்குலரின் உடலமைப்பும் தனி. மேலே 'பொருள்', அதன் கீழே 'பார்வை'. எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் வேலூரையடுத்த சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. 2002இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தது அது. டெல்லியில் யுஜிசி ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக்கழகம் அதை இணைத்து ஒரு கடிதம் எழுதும். முதல்வர் இரண்டையும் இணைத்து மூன்றாவதை எழுதுவார். 'பார்வை 1இல் கண்ட கடிதத்தின்படி பார்வை 2இல் கோரப்பட்ட விவரங்களை' என்று படிக்கத் தொடங்கும்போதே நமக்குப் பார்வை மங்கிவிடும். கடைசியில் 'தவறும் பட்சத்தில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்' என்று இருக்கும். எதில் தவறினால் என்று கேட்க, படித்தவர் யாராவது இருக்க வேண்டுமே!

இந்த ஊரில் முதல்வருக்கு ஒரு போட்டி அறிவிப்பாளர் உண்டு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும், கிரிவலம் வர உகந்த நேரம் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொடங்கி எப்போது முடிகிறது என்று கோயில் நிர்வாகம் அறிவிக்கும். இரண்டு வரிதான். 'பொருள்' கிடையாது, 'பார்வை' கிடையாது, நடவடிக்கை மிரட்டலும் கிடையாது. லட்சக்கணக்கான ஜனம் அதைக் கேட்டு வந்து நடக்கிறது. 'வகுப்புக்கு 75 சதவீத வருகை கட்டாயம்' என்று நாங்கள் ஒட்டும் தாளுக்கோ அறுபது பேர் வகுப்பில் நாற்பது பேர்கூட மசிவதில்லை.

பௌர்ணமியன்று அந்த நாற்பதும் குறையும். செங்கம், போளூர், தண்டராம்பட்டுப் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். "ஊருக்கு வெளியவே எறக்கி உட்டுட்டாங்க சார், நடந்தே வந்தேன்" என்று பதினொரு மணிக்கு ஒருவன் நெற்றியில் திருநீற்றோடு வந்து நிற்பான். நடந்தது நிஜம். எந்தத் திசையில் நடந்தான் என்பதை நான் விசாரிப்பதில்லை.

கார்த்திகை தீபத்துக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். ஆண்டு முழுவதும் வரும் அறிவிப்புகளில் ஆசிரியரும் மாணவரும் எழுத்தெண்ணிப் படிப்பது இது ஒன்றைத்தான். ஈடாக எந்தச் சனிக்கிழமை வேலைநாள் என்பது அதில்தானே இருக்கிறது! ஆனால் கூடவே, 'இவ்விடுமுறை செலாவணி முறிச் சட்டம் 1881இன் கீழ் வராது' என்றொரு வரியும் இருக்கும். 2,668 அடி மலை உச்சியில் ஏற்றும் தீபத்துக்கும் பாரதி பிறப்பதற்கு முந்தைய வருஷத்துச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாணவி கேட்டாள். வணிகவியல் துறை நண்பரைப் பிடித்தேன். கடனுறுதிச் சீட்டின் கெடுநாள் பொது விடுமுறையில் விழுந்தால் அதற்கு முந்தைய வேலைநாளிலேயே பணம் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அதற்காக எது பொது விடுமுறை என்று அரசு முறையாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. ஆட்சியர் விடும் லீவு அந்தக் கணக்கில் சேராது; வங்கி திறந்திருக்கும், கருவூலத்தில் அவசர வேலைக்குச் சிலர் இருப்பார்கள். அவளிடம் சொன்னேன். "அதாவது சார், சாமிக்கு லீவு உண்டு, கடன்காரனுக்குக் கெடையாது" என்றாள். செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு ஏற்ற பெண்.

தீபத்துக்கு வெளிமாவட்டங்களிலிருந்து பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரர்களைப் பள்ளி, கல்லூரிகளில்தான் தங்கவைப்பார்கள். ஒரு வருஷம் விடுமுறை முடிந்து வகுப்புக்குள் போனால், கரும்பலகையில் நான் எழுதி வைத்திருந்த வேற்றுமையணி போய், ஒரு டியூட்டி பட்டியல் இருந்தது. எந்தக் கோபுர வாசல், எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை. ஒரு வார்த்தை கூடுதலில்லை. அழிக்க மனம் வரவில்லை. காரியம் நடக்க வேண்டுமானால் அறிவிப்பு கரும்பலகையில் அடங்கிவிடுகிறது. பழி நம்மேல் விழாமலிருக்க எழுதும்போதுதான் இணைப்புகளோடு நாலு பக்கம் போகிறது.

எல்லாச் சர்க்குலரையும் அப்படித் தள்ளவும் முடியாது. ராகிங் தடை பற்றிய தாள் ஆண்டுதோறும் வரும். மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார்; அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. அந்தத் தாளை மட்டும் நான் வகுப்பில் நிறுத்திப் படிப்பேன், பின்னணியையும் சொல்வேன். அன்று பின் பெஞ்சில்கூடப் பேச்சு இருக்காது. ஆனால் பதிவேட்டில் அதற்கும் சமோசா கூட்டத்துக்கும் ஒரே அளவுக் கட்டம்தான். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் ஒரே கையெழுத்துதான்.

இந்த ஊரின் சரித்திரத்தில் இடம்பிடித்த காகிதங்களில் ஒன்று, ஒரு மாணவர் எழுதி வைத்துவிட்டு வந்த சீட்டு. 1896 ஆகஸ்ட் 29, மதுரை. பதினாறு வயது வேங்கடராமன், தண்டனையாகக் கொடுத்த ஆங்கில இலக்கணத்தை எழுதிக்கொண்டிருந்தவர், பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லி எழுந்தார். அப்படியே என் காலேஜ் சம்பளத்தையும் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். தம்பி மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி அண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி. சில வரிச் சீட்டில் எல்லாம் இருந்தது: எதற்காகப் போகிறேன், யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இத்துடன். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கோடு.

இதைவிடத் தெளிவான விடுப்பு விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. இன்று அது எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் குறிப்பு இப்படி எழுதப்படும்: காரணம், உள்ளது. நிலுவைக் கட்டணம், தெரிவிக்கப்பட்டுள்ளது. இணைப்பு ரூ.2, சரிபார்க்கப்பட்டது. கையொப்பம், இல்லை. எனவே குறையை நிவர்த்தி செய்து மீளச் சமர்ப்பிக்குமாறு மனுதாரருக்கே திருப்பி அனுப்பலாம். நகல்: மனுதாரரின் அண்ணன்.