செத்த ஊருக்கு அடிக்கல்

தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு கைகழுவி அறுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தச் செத்த ஊருக்கு 2017இல் நெடுஞ்சாலை திறந்தார்கள். 2019இல் ரயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2025இல் சரணாலயம் அறிவித்தார்கள். செத்த பிறகு ஓர் ஊருக்கு இத்தனை மரியாதை வேறெங்கும் நடந்திருக்காது. அங்கே உயிரோடு இருப்பவர்கள்தான் அரசுக்குக் கொஞ்சம் சங்கடம்.

ஒரு காலத்தில் அந்த ஊருக்குத்தான் மெயின் லைன். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது பிரதானப் பாதை தனுஷ்கோடிக்குப் போனது. ராமேஸ்வரத்துக்குப் போனது கிளைப் பாதை. சாமிக்குக் கிளை, வெள்ளைக்காரன் வியாபாரத்துக்கு மெயின். எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடித் துறையில் கப்பல் பிடித்து, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனதும் இதே வழிதான். ஸ்டேஷன், சுங்க அலுவலகம், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. போர்ட்டரும் மீனவரும் கடைக்காரரும் ரயில் நேரத்தை வைத்துப் பொழுதைக் கணக்கிட்ட ஊர் அது.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடி வாசலில் நின்றது. சிக்னல் இல்லை. காத்திருந்து பார்த்த டிரைவர், நீளமாக விசில் ஊதிவிட்டு வண்டியை எடுத்தார். ஸ்டேஷன் வருவதற்குள் புயல் அலை வந்துவிட்டது. இறந்தவர்கள் 115 பேர் என்பது கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை என்பார்கள். ரயில்வேயில் சாவதற்கும் டிக்கெட் வேண்டும்.

புயலைக் குறை சொல்லிப் பயனில்லை. அது ஒரே இரவில் தன் வேலையை முடித்துவிட்டுப் போனது. மிச்ச வேலையைத்தான் அரசுகள் அறுபது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கின்றன.

இந்த நாட்டுக்கு வேகமாக வேலை செய்யத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அதே புயலில் உடைந்த பாம்பன் பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்துக் காட்டினார். கடல் அடித்துக்கொண்டு போன கர்டர்கள் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தவர்கள் மீனவர்கள். பாலம் எழுந்தது. ராமேஸ்வரத்துக்கு ரயில் ஓடியது. மீனவரின் ஊருக்குப் போன தண்டவாளத்தை மட்டும் மணலுக்கே விட்டுவிட்டார்கள். ஒன்றுக்கு 46 நாள். இன்னொன்றுக்கு அறுபது ஆண்டு போதவில்லை. இதற்கு நிதி நெருக்கடி, தொழில்நுட்பச் சிக்கல் என்றெல்லாம் பெயர் வைப்பார்கள். நமக்குத் தெரிந்த பெயர் வேறு.

தகுதியற்ற ஊரில் யாரும் வாழக்கூடாது அல்லவா? மீனவர்கள் அரசாணை படிப்பதில்லை போலும். திரும்பி வந்தார்கள். குடிசை போட்டார்கள். கரைவலை இழுக்கிறார்கள். பெண்கள் மணலைத் தோண்டி, ஊற்று கசியும்வரை உட்கார்ந்திருந்து, கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். கலங்கிவிட்டால் தெளியும்வரை மறுபடி காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் நல்ல தண்ணீர்: இயற்கை போட்டுக் கொடுத்த குடிநீர்த் திட்டம். அரசு போட்டிருந்தால் இன்னும் டெண்டரில் நின்றிருக்கும்.

வாழத் தகுதியற்ற அந்த ஊரில் அரசே பள்ளிக்கூடம் நடத்துகிறது. தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்கிறார்கள். ஓட்டுக்கு ஊர் உயிரோடு இருக்கிறது. பட்டா கேட்டால் செத்துவிடுகிறது.

2019 மார்ச் 1ஆம் தேதி ஊருக்கு மறுபடி உயிர் வந்தது. நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம். வேறு காரணம் தேட வேண்டாம். ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதை, 17 கிலோமீட்டர், 208 கோடி ரூபாய். பிரதமர் அடிக்கல் நாட்டினார். எங்கே? கன்னியாகுமரியில். தண்டவாளம் 17 கிலோமீட்டர். அதன் அடிக்கல்லோ ஒரு ராத்திரிப் பயண தூரத்தில். அதே மேடையில் புதிய பாம்பன் பாலத்துக்கும் கல் நாட்டினார்கள். 550 கோடிக்கு மேல் செலவழித்து 2025 ஏப்ரலில் அதைத் திறந்தாகிவிட்டது. ராமேஸ்வரத்துக்குப் பக்தர் போகலாம். 1964 புயலுக்குப் பிறகு எடுத்த அதே முடிவை 2025இல் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தனுஷ்கோடிப் பாதை என்ன ஆயிற்று? மாநில அரசு வேண்டாம் என்றது. மணல் திட்டு, பல்லுயிர்ப் பகுதி, சுற்றுச்சூழல் கெடும். நியாயமான வாதம்தான். ஆனால் அதே மணல் திட்டின்மேல்தான் அரிச்சல்முனை வரை தார்ச் சாலை போகிறது. விடுமுறை நாளில் வேனும் காரும் வரிசை கட்டி நிற்கின்றன. வந்தவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டுப் போகிறார்கள். டீசல் புகை பட்டால் சுற்றுச்சூழலுக்குச் சுகம், ரயில் விசில் கேட்டால் மட்டும் காய்ச்சல்! மத்திய அரசுக்கோ இது வசதி. கல் நாட்டிய புண்ணியம் அவர்களுக்கு, நிறுத்திய பழி மாநிலத்துக்கு. லாபத்தில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை.

உச்சக்கட்டம் 2025 ஜனவரியில் நடந்தது. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில்வே அமைச்சரிடம் நிருபர்கள் மதுரை–தூத்துக்குடி பாதை பற்றிக் கேட்டார்கள். மாநில அரசு வேண்டாம் என்றதால் கைவிட்டோம் என்றார் அமைச்சர். தமிழ்நாடு கொதித்தது. பிறகு ரயில்வே விளக்கம் தந்தது: இரைச்சலில் தூத்துக்குடி என்பது தனுஷ்கோடி என்று காதில் விழுந்துவிட்டதாம்; அமைச்சர் சொன்ன பதில் தனுஷ்கோடிக்கு உரியதாம். தூத்துக்குடிக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் கிடையாது என்ற செய்தி, வேறு ஊரைப் பற்றிய கேள்விக்குத் தவறிப்போய் வந்து சேர்ந்தது. நேராகக் கேட்டிருந்தால் இவ்வளவு தெளிவான பதில் கிடைத்திருக்குமா?

அதே ஆண்டு ஜூனில் பூநாரைகளுக்குத் தனுஷ்கோடியில் சரணாலயம் அறிவித்தது மாநில அரசு. நல்ல காரியம். பறவைகளைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வருஷத்தில் சில மாதம் வந்து போகிற பறவைக்கு அது வாழத் தகுந்த இடம் என்று அரசிதழே சொல்கிறது. வருஷம் முழுக்க அங்கேயே கிடக்கிற மனிதன் எந்த அரசிதழைக் காட்டுவான்?

நாமும் யோக்கியர்கள் இல்லை. இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து, ‘பேய் நகரம்’ என்று தலைப்புப் போடுகிறோம். போட்ட கையோடு, பக்கத்துக் குடிசைப் பெண்மணியிடம் பொரித்த மீன் வாங்கி, பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பேயிடம் பேரம் பேசிய முதல் தலைமுறை நாம்தான்.

ஆட்சியாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: ஏதாவது ஒரு முடிவுக்கு வாருங்கள். ஊர் செத்துவிட்டது என்றால் சாலையை மூடுங்கள், அடிக்கல்லைப் பெயர்த்தெடுங்கள், ஓட்டுக் கேட்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். உயிரோடு இருக்கிறது என்றால் பட்டா கொடுங்கள், குழாயில் தண்ணீர் கொடுங்கள், புயல் கொண்டுபோன ஆஸ்பத்திரியைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டுக்கும் மனம் வரவில்லையா? அந்தப் பழைய அறிவிப்பில் சின்னத் திருத்தம் போதும்: ‘இங்கே மீன் பிடிக்கலாம், ஓட்டுப் போடலாம், சுற்றுலா வரலாம், உரிமை கேட்க மட்டும் தகுதியற்ற இடம்.’ நேர்மையாவது மிஞ்சும்.