கனம் கோர்ட்டார் சமூகத்துக்கு, உயில் சாட்சி எழுதிக்கொண்டது

ஐயா,

நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவரின் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சி கேட்கிறது. தகராறு வந்தால், அந்த இருவரில் உயிரோடிருக்கும் ஒருவராவது கூண்டேறி உயிலை நிரூபிக்க வேண்டுமாம். இன்னொரு சாட்சி புத்திசாலி, சம்மன் வருவதற்குள் காலமாகிவிட்டார்.

சாட்சி சொல்வதற்கும் ஒத்திகை உண்டு என்பது வக்கீல் ஆபீஸில்தான் தெரிந்தது. "பொய் சொல்லாதீங்க சார்" என்று ஆரம்பித்தார் வக்கீல். மனம் குளிர்ந்தது. "கேட்டதுக்கு மேல உண்மையும் சொல்லாதீங்க" என்று முடித்தார். பிறகு என் நிரூபண வாக்குமூலத்தை நீட்டினார். 2002-இலிருந்து முதல் விசாரணையை இப்படி எழுத்திலேயே முடித்துவிடுகிறார்களே, அது. "மேற்படியார் நல்ல திடமான மனநிலையில், பிறர் தூண்டுதலின்றி" என்றெல்லாம் அதில் நான் பேசியிருந்தேன். படிக்கப் படிக்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மரியாதை கோர்ட் வராந்தா வரைதான். சம்மனுக்கு வராவிட்டால் ரூ.5,000 வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. வந்தவன் எங்கே உட்காருவது என்று சொல்லவில்லை. இருந்த ஒரே பெஞ்சில் கேஸ் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. சாட்சிக்கு உட்கார இடமில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை என்று உச்ச நீதிமன்ற நீதிபதி வாத்வா 2000-ஆம் ஆண்டிலேயே ஸ்வரண் சிங் வழக்கில் வருந்தி எழுதியிருக்கிறார். நம் வராந்தாவுக்கு அந்தத் தீர்ப்பின் நகல் இன்னும் வந்து சேரவில்லை போலும். நகலுக்கு மனுப் போட வேண்டியது யார் என்று தெரிவித்தால் நானே போட்டுவிடுகிறேன்.

டவாலி என் பெயரை மூன்று முறை கூவினார். ஓடினேன். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு மேல் கோர்ட்டில் வேலையாம். வாய்தா. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. கைமீறிய காரணம் இருந்தால் அதற்கு மேலும் தரலாம் என்று 2005-இல் சேலம் வக்கீல் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசலில் இன்று லாரியே போய்வருகிறது.

ஒருவழியாகக் குறுக்கு விசாரணை வந்தது. பெரியவர் கட்டிலில் இருந்து கையெழுத்துப் போட்டாரா, நாற்காலியிலா? மை நீலமா, கறுப்பா? அன்று மழையா? இவையெல்லாம் வீண் கேள்விகள் என்று சொல்லமாட்டேன். நான் உண்மையிலேயே அங்கே இருந்தேனா என்பதில்தான் உயிலின் உயிர் இருக்கிறது. ஆனால் உயிலுக்கு வயது பதினைந்து. மழை ஞாபகமில்லை என்றால், கையெழுத்து மட்டும் எப்படி ஞாபகமிருக்கிறது என்கிறார். மழையும் ஞாபகமிருக்கிறது என்றிருந்தால், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டிருப்பார்.

அவருடைய கேள்விகள் முழ நீளம். என் பதில் பெரும்பாலும் "இல்லீங்க". டைப்பிஸ்ட் அம்மா அடித்து முடித்ததும் வாங்கிப் பார்த்தேன்: "பெரியவர் சுயநினைவின்றி இருந்தார் என்று சொன்னால் சரியல்ல. வாதிக்கு உதவும் பொருட்டு நான் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல." வாய் திறந்து நான் பேசிய ஒரே முழு வாக்கியம், "ஐயா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" அது மட்டும் பதிவாகவில்லை.

ஆகவே கனம் கோர்ட்டார் அவர்கள் கருணைகூர்ந்து, இன்று எந்தச் சாட்சியை விசாரிக்கப் போவதில்லை என்பதைக் காலை பத்தரை மணிக்கே அறிவிக்க உத்தரவிடுமாறு பிரார்த்திக்கிறேன். பெஞ்ச் கிளார்க்குக்கு அது அப்போதே தெரிந்துவிடுகிறது. எங்களுக்குத்தான் மாலை நாலரை ஆகிறது.